மொத்த மதிப்பீடு: சித்தி

முதலில் கேபிளைத்தான் சந்தேகித்தேன்.
கேபிள் என்றால் ஏழு டொலரோடு போகும்.
மாற்றிப் போட்டேன்.
டக்.
கொஞ்சம் பொறுத்து, டக் டக்.
நாக்கை மேலண்ணத்தில் தட்டி
இல்லை இல்லை என்று தலையாட்டும் ஒரு ஆள்மாதிரி.

வின்னிபெக்கில் இரவு இரண்டு மணி.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்துநாலு.
அறைக்குள் நிரோஜா படுத்திருக்கிறாள்.
வியாழக்கிழமை அவளுக்குத் தாதியர் சோதனை.
எட்டு மாதக் குறிப்புகள் இந்தப் பெட்டிக்குள்.
பிரதி எடுத்து வையுங்கோ என்று
ஆவணியிலேயே சொன்னவள்.
ஓம் என்றேன்.
ஓம் என்றால் எனக்கு அந்த வேலை முடிந்தது.

வட்டிடமே கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று.
அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது.
மொத்த மதிப்பீடு: சித்தி
என்றது முதல் வரி.
கீழே இறங்கி வாசித்தால்
இடம் மாற்றிய துண்டுகள்
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநாலு.
பழுதான இடத்தை மூடிவிட்டு
அங்கிருந்ததைத் தூக்கிக் கொண்டுபோய்
ஒதுக்கிவைத்த மூலையில் இருத்தி
கேட்டவருக்கெல்லாம் சுகம் சொல்லியிருக்கிறது,
எத்தனை மாதமோ.
இப்போது மூலையும் நிரம்பிவிட்டது.

வேலைத்தலத்தில் ரொடெல் சொல்லுவான்:
பையில் சுற்றி ஃப்ரீசரில் வை,
ஒரு தரம் உயிர் வரும்.
இந்த ஊரில் அதற்கு ஃப்ரீசர் எதற்கு,
கதவைத் திறந்து படியில் வைத்தால் போதும்.
வைக்கவில்லை.
குளிருக்குள்ளால் வந்த கண்ணாடி
எப்படி வேர்க்கும் என்பதை
தினமும் மூக்கில் சுமக்கிறவன் நான்.

எதற்கும் இருக்கட்டும் என்று
பின்னேரம் பெம்பினா சாலையில்
கேபிளோடு வாங்கிய புதியது
ஒரு பிஸ்கட் பாரம்.
உள்ளே சுழல எதுவும் இல்லை.

மாரியில் இந்த வீட்டுக் காற்று சருகு.
போர்வையை இழுத்தாலே பொறி பறக்கும்.
காலுறையைக் கழற்றிவிட்டு
சூடு வரும் தகரத்தைத் தொட்டேன். சுள்.
என்னிலிருந்த மின்னல் இறங்கியது.
பிறகுதான் திருகாணி.

பிரதி எடுக்கும் நிரல் நல்ல சுபாவம்.
இலகுவாய்த் தருவதை முதலில் வாங்கும்.
முரண்டு பிடிக்கிற இடத்தை விட்டுவிட்டுப் போகும்.
பிறகு திரும்பி வந்து
ஓரத்திலிருந்து, பின்பக்கத்தால்,
மெல்ல மெல்லக் கேட்கும்.
என்னை விசாரித்தவர்கள் ஒருவரும்
இப்படிக் கேட்டதில்லை.

நாலரைக்கு
தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது எட்டு.
நாற்பத்தொரு துண்டு வரமாட்டேன் என்றது.
அவை எந்தக் கோப்புகள் என்று பார்த்தேன். இரண்டுதான்.
ஒன்று, சுடுநீர்த் தாங்கியின் கையேடு.
மற்றது, மார்கழி மாதிரிச் சோதனைகள்.

எவ்வளவு பழுது என்று பார்க்கத்தான் திறந்தேன்.
முதல் பக்கம் முழுசாய் இருந்தது.
நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.
நாற்பத்தேழு. ஐம்பத்தொன்று.
சித்திக்கு அறுபத்திரண்டு வேண்டும்.
மார்கழி முழுக்க, இரவுச் சாப்பாட்டில்,
எப்படிப் போகுது என்று நான் கேட்டதும்
பரவாயில்லை என்று அவள் கறி போட்டதும்.

மூடினேன்.

புதியது சத்தமே இல்லாமல் எழும்பியது.
எழும்பியதா என்று நானே குனிந்து பார்த்தேன்.
போர்வையோடு வந்தவள்
கதவுக் குமிழில் பொறி வாங்கி
ஆ என்றாள்.
"சரிவந்திட்டுதா?"
"சுடுதண்ணித் தாங்கிப் புத்தகம் போட்டுது."
"வேற?"
"மார்கழியில ஏதோ ஒண்டு. பாதிதான் வருது."

என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.
நான் திருகாணிகளை எண்ணினேன்.
நாலுக்கு மூன்றுதான் இருந்தது.
அவள் போர்வையைக் கதிரையில் போட்டுவிட்டு
முழங்காலில் இருந்து
கம்பளத்தைத் தடவத் தொடங்கினாள்.
நானும்.